தொலைக்காட்சி நாடகத்தை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கையைப் பயிலும் மலையக மாணவர்கள் பலர், தொலைக்காட்சி நாடகத்தை ஆராயச் சொன்னால் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். அக்கதையை எந்த வரிசையில், யாருடைய பார்வையில், எதை எவ்வளவு நேரம் மறைத்துச் சொன்னார்கள் என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. வகைமையிலும் இதே நிலைதான். 'இது குடும்பத் தொடர்' என்று பெயரிட்டால் போதாது. ஒட்டுக்கேட்டல், அதிர்ந்த முகத்தில் அங்கத்தை நிறுத்துதல் முதலிய வழக்கங்களில் எவற்றைப் பின்பற்றியிருக்கிறார்கள், எவற்றை மீறியிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும்.

இலக்கியக் கோட்பாட்டாளர் தொடோரோவின் சமநிலைக் கோட்பாட்டை எல்லா நாடகத்துக்கும் ஒரே மாதிரிப் பொருத்துவதும் தவறு. குலைந்த சமநிலை புதிய சமநிலையில் முடியும் என்பது, சில அங்கங்களில் நிறைவுறும் நாடகத்துக்குப் பொருந்தும். நம் தோட்டத்து லய வீடுகளில் இரவுதோறும் டிஷ் வழியே ஓடும் சென்னைத் தொடர்களோ அந்த முடிவைத் தள்ளிப்போட்டே ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. அந்தத் தாமதம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதே அங்கு ஆராயத்தக்கது.

மிகுதியாகத் தவறுவது பிரதிநிதித்துவத்தில், அதாவது ஒரு சமூகம் திரையில் காட்டப்படும் விதத்தை ஆராய்வதில்தான். 'தோட்டத்தில் இப்படி நடப்பதில்லை' என்று சரிபிழை பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கும் காட்சி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தராசு, கூடை, பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கு எல்லாமே சரியாக இருக்கின்றன. ஆனால் கமரா கணக்கப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. அவருடைய கொப்பி அண்மைக்காட்சியில் தெளிவாகத் தெரிய, வரிசையில் நிற்கும் பெண்கள் மங்கலாகத் தெரிகிறார்கள். பேசுபவரும் அவர் மட்டுமே. விவரம் அனைத்தும் உண்மையாயிருந்தும் பார்வை நிர்வாகத்தினுடையதாகிவிட்டது. கமராவை வரிசைக்குள் கொண்டுவந்தால், ஈரத்துக்கென்று கழிக்கப்படும் கிலோவும், அதனால் அன்றைய பேர் (முழுநாள் சம்பளப் பதிவு) அரைப்பேராகிவிடுமோ என்று தராசு முள்ளையே பார்த்து நிற்கும் கண்களும் கதையாகின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பல்லாண்டுகள் நாடற்றவர்களாக வைக்கப்பட்ட சமூகத்தைக் காட்டும்போது, யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார் என்ற கேள்வியை வெறும் உத்திக் கேள்வியாக ஒதுக்கிவிட முடியாது.

ஒரு பாத்திரம் நல்லவரா கெட்டவரா என்று எண்ணிக் கணக்குப் போடுவதும் பயனற்றது. கொழும்பு வீடொன்றில் வேலைக்கு நிற்கும் மலையகப் பெண் எவ்வளவு நல்லவளாகக் காட்டப்பட்டாலும், கதவைத் திறக்கவும் செய்தி சொல்லவும் மட்டுமே கதைக்குத் தேவைப்படுகிறாள் என்றால், அவளது பிரதிநிதித்துவத்தை அந்தக் கதைப்பணியே தீர்மானித்துவிடுகிறது. நகைச்சுவைத் தொடரில் அவளுடைய கொச்சைச் சிங்களம் சிரிப்புக்குரியதாகிறது; சமூக நாடகத்தில் அதே பேச்சு அவளது தனிமையைக் காட்டக்கூடும். ஆகவே வகைமை, எடுத்துரைப்பு (கதை சொல்லப்படும் முறை), பிரதிநிதித்துவம் என மூன்று தலைப்பிட்டுத் தனித்தனியே எழுதாமல், ஒரே காட்சியை எடுத்து மூன்றையும் அதற்குள்ளேயே தேடுங்கள். வீட்டுக்காரர்கள் எவரும் இல்லாத காட்சி ஒன்றாவது அவளுக்குத் தரப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.