பரோலோ பாட்டில்: வாங்குவது முதல் ஊற்றுவது வரை

இத்தாலியின் டூரினில் குடியிருக்கும் என்னிடம் நண்பர்கள் அடிக்கடி கேட்பது: "பரோலோ ஒரு பாட்டில் கைக்கு வந்திருக்கிறது, எப்போது திறக்கலாம்?" பரோலோ என்பது பல ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கும் இத்தாலியச் சிவப்பு ஒயின். கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. எந்தச் சரிவில் விளைந்தது, எந்த ஆண்டு அறுவடை, எப்படிப்பட்ட பீப்பாயில் கிடந்தது என்று பார்த்தால் விடை ஓரளவு கிடைத்துவிடும். மிச்சம் வீட்டில் நாம் செய்யும் வேலை. அங்கேதான் நல்ல பாட்டில்கள் வீணாகின்றன. அதனால் கடைசிப் படிகளை இங்கே நீட்டியே எழுதியிருக்கிறேன்.

படி 1: நெபியோலோவைப் பழகுங்கள்

பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்வது. வேறு ரகம் கலக்கச் சட்டம் விடாது. ஊற்றிப் பார்த்தால் நிறம் வெளிறியிருக்கும், கண்ணாடிக்குப் பின்னால் விரல் தெரியும். மென்மையாக இருக்கும் என்று நம்பி வாயில் வைத்தால் மாதுளைத் தோலைக் கடித்ததுபோல் துவர்க்கும். துவர்ப்பும் புளிப்பும் இவ்வளவு இருப்பதால்தான் இந்த ஒயின் பல ஆண்டுகள் தாங்குகிறது.

எடுத்த எடுப்பில் பரோலோவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 'லாங்கே நெபியோலோ' என்று லேபிளில் போட்டிருப்பதை வாங்குங்கள். அதே மலைப்பகுதி, விலை குறைவு, காத்திருக்கத் தேவையில்லை. அது பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

படி 2: லேபிளில் ஊரைத் தேடுங்கள்

இத்தாலியின் வடமேற்கே பியமோன்டேயில், ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளில் 11 ஊர்களின் திராட்சைக்கு மட்டுமே பரோலோ என்ற பெயர் உண்டு. நேர் வடக்கு நோக்கிய சரிவில் நட்டால் அந்தப் பெயரும் கிடைக்காது. நெபியோலோ மற்ற ரகங்களுக்கு முன்பே மொட்டு விட்டு, எல்லாவற்றுக்கும் பிறகு, பெரும்பாலும் அக்டோபரில், பழுக்கிற கொடி. வெயில் குறைந்த சரிவில் அது தேறாது.

தாமதமாகப் பழுப்பதற்கும் இந்த ஒயினின் வரலாற்றுக்கும் தொடர்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நெபியோலோ ஒயின் பெரும்பாலும் இனிப்பாகவே இருந்தது. அறுவடை முடியும்போதே குளிர் வந்துவிடும், நொதித்தல் பாதியில் நின்றுவிடும், சர்க்கரை தங்கிவிடும். பரோலோவின் பிரபுக் குடும்பத்து மார்க்கேசா ஜூலியா கொல்பெர், கிரின்சானேயில் மேயராகவும் இருந்த கமில்லோ காவூர் ஆகியோரின் பண்ணைகளில்தான் சர்க்கரை தீரும்வரை நொதிக்கவைத்த ஒயின் நிலைபெற்றது. பிற்காலத்தில் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமரானாரே, அதே காவூர்தான். பிரெஞ்சு ஒயின் வணிகர் லூயி ஊடாருக்கே நெடுங்காலம் இதன் பெருமை போய்க்கொண்டிருந்தது. காவூரிடம் வேலை பார்த்த ஸ்டாலியேனோவின் பங்கையும் இப்போது ஆய்வாளர்கள் சேர்த்தே சொல்கிறார்கள். அதுதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது.

ஊருக்கு வருவோம். லா மோர்ரா, பரோலோ பக்கம் நீலச்சாம்பல் சுண்ணக்களி மண். அங்கே விளைவது மணம் தூக்கலாக, சற்று முன்னதாகவே இளகிவிடும். கிழக்கே செர்ராலுங்கா, மோன்ஃபோர்ட்டே பக்கம் மணற்கல் அடுக்குகள் அதிகம். அந்த ஒயின் இறுக்கமானது, பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும். முதல் பாட்டிலுக்கு லா மோர்ராவே என் தேர்வு.

2010 அறுவடையிலிருந்து லேபிளில் தோட்டப் பகுதியின் பெயரும் சட்டப்படி வருகிறது: கன்னூபி, ரோக்கே, புஸ்ஸியா என்று. புதிதாகத் தொடங்குபவர்கள் இதற்குள் இப்போதே இறங்க வேண்டாம். ஊர் தெரிந்தால் போதும்.

படி 3: ஆண்டைப் பாருங்கள்

பரோலோவுக்கு அறுவடை ஆண்டின் நவம்பர் 1லிருந்து 38 மாதம் முதிர்ச்சி கட்டாயம். அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். 'ரிசெர்வா' என்றால் 62 மாதம். அதாவது 2019 அறுவடை 2023 ஜனவரிக்கு முன் கடைக்கு வந்திருக்க முடியாது. 1966இல் டிஓசி, 1980இல் அதைவிடக் கடுமையான டிஓசிஜி என்று, இத்தாலியின் தோற்றச் சான்றுகள் வழியாகப் பெயருக்கான பாதுகாப்பு படிப்படியாக இறுகியது. பாட்டில் கழுத்தில் எண்ணோடு ஒட்டியிருக்கும் அரசு முத்திரைச் சீட்டு டிஓசிஜியின் அடையாளம். அது இல்லாததை வாங்காதீர்கள்.

நெடுநாள் வைக்க 2010, 2013, 2016 நல்லவை. 2017 வெயிலும் வறட்சியுமாகப் போன ஆண்டு. அது முன்னதாகவே குடிக்கத் தோதாக இருக்கும். 2014 மழையில் நனைந்தது, ஆனாலும் கவனமாகத் திராட்சை பொறுக்கியவர்களின் ஒயின் அழகாகவே வந்திருக்கிறது. ஆண்டுப் பட்டியலில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பாட்டிலை ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 4: பீப்பாயை விசாரியுங்கள்

இது லேபிளில் இருக்காது, கடைக்காரரிடம் கேட்க வேண்டும். பழைய முறையில், ஸ்லாவோனிய ஓக் மரத்தில் செய்த ஆளுயரப் பெரிய பீப்பாய்கள். மர வாசம் ஒயினில் ஏறாது. 1980களில் எலியோ அல்தாரே போன்ற இளம் தயாரிப்பாளர்கள் பிரெஞ்சு மரத்தில் செய்த 225 லிட்டர் சிறு பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். தந்தையின் பழைய பீப்பாய்களை அல்தாரே மின்ரம்பத்தால் அறுத்துப் போட்டது அந்தக் குன்றுகளில் இன்றும் பேசப்படுகிறது. மறுபக்கம் பழைய முறையை விடாத தயாரிப்பாளர் பார்தோலோ மாஸ்கரெல்லோ, 'சிறு பீப்பாயும் வேண்டாம், (அரசியல்வாதி) பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று கையால் வரைந்த லேபிளையே ஒட்டினார்.

இன்று இரு தரப்பும் நடுவில் வந்து சந்தித்துவிட்டன. ஆனாலும் நீண்ட காலம் வைக்கப்போகிற பாட்டில் என்றால் நான் பெரிய பீப்பாய்க்காரரிடமே போவேன். இருபது ஆண்டு காத்திருந்து வெனிலா வாசத்தை முகர எனக்கு மனம் வராது.

படி 5: படுக்கவைத்து மறந்துவிடுங்கள்

12 முதல் 14 டிகிரி, இருட்டு, ஓரளவு ஈரப்பதம், அதிர்வில்லாத இடம். கார்க் நனைந்தே இருக்கும்படி பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். டூரினின் பழைய அடுக்குமாடிகளில் வீட்டுக்கொரு நிலவறை இருப்பதால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்கு ஒயின் ஃபிரிட்ஜ்தான் வழி. சமையலறை ஃபிரிட்ஜில் ஆண்டுக்கணக்கில் வைக்காதீர்கள், அந்த வறட்சியில் கார்க் சுருங்கிவிடும். அலமாரி உச்சி இன்னும் மோசம், கோடையில் ஒயின் வெந்துவிடும்.

ஒன்று வாங்குவதைவிட ஒரே ஒயினில் மூன்று வாங்குவது மேல். நல்ல ஆண்டுப் பரோலோ என்றால் அறுவடையிலிருந்து 10 ஆண்டில் ஒன்று, 15இல் ஒன்று, 20 தாண்டி ஒன்று என்று திறக்கலாம். நடுவில் சில ஆண்டுகள் ஒயின் வாய்மூடிக் கிடக்கும். மணம் வராது, துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். அது கெட்டுப்போனதன் அறிகுறி என்று எண்ணி மற்ற இரண்டையும் அவசரப்பட்டுத் திறந்துவிட வேண்டாம்.

படி 6: நிமிர்த்திவையுங்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. வயது ஏற ஏற டானினும் (துவர்ப்பைத் தரும் பொருள்) நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து வண்டலாக இறங்கும். ஒயின் இளகுவதும் நிறம் செங்கல் சாயலுக்குப் போவதும் இந்த வேலையின் விளைவுதான். பழைய ஒயினை ஒரு நாள் முன்னதாக நிமிர்த்திவைத்தால் போதும் என்று பல குறிப்புகளில் பார்ப்பீர்கள். நெபியோலோவுக்கு அது போதாது. இதன் வண்டல் மாவுபோல் நுண்ணியது. லேசாக ஆட்டினாலே கலங்கி மேலே வந்துவிடும், மறுபடி படிய நாள் எடுக்கும். கலங்கிய ஒயின் கசக்கும், பரோலோவுக்கே உரிய ரோஜா மணமும் தார் மணமும் அமுங்கிப்போகும்.

15 வயது தாண்டிய பாட்டிலைக் குறைந்தது மூன்று நாள் நிமிர்த்திவையுங்கள். ஒரு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. படுத்திருந்தபோது மேல்பக்கம் எது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வண்டல் எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கும். நிமிர்த்தும்போது மெல்ல, ஒரே வீச்சில் இல்லாமல் நிமிர்த்துங்கள். திறக்கப்போகும் மேசைக்கு அருகிலேயே வைத்துவிட்டால் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிராது.

படி 7: திறந்து ஊற்றுங்கள்

இளம் பாட்டிலுக்கு ஹோட்டல் பரிமாறுபவர்கள் வைத்திருக்கும் இரண்டு படி நெம்புகோல் ஓப்பனர் போதும். சிறகு விரிக்கும் ஓப்பனரை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன், அதன் தடித்த திருகு கார்க்கைக் குடைந்துவிடும். 20 வயது தாண்டியதற்கு இரண்டு தகடுகள் கொண்ட ஓப்பனர் வாங்குங்கள். தகடுகளை கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாற்றி மாற்றி அசைத்து இறக்கி, பிறகு திருகியபடியே மேலே இழுக்க வேண்டும். கீழ்நோக்கி அழுத்தாதீர்கள், தளர்ந்த கார்க் உள்ளே விழுந்துவிடும்.

கழுத்துக்குப் பின்னால் சிறு டார்ச் ஒன்றை நிறுத்தி, வேறு ஜாடிக்கு ஒரே சீராக ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் கலங்கிவிடும். கழுத்தருகே புகைபோல் ஒரு இழை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் தங்கும் இரண்டு விரற்கடை அளவை பிரசாத்தோவுக்கு, அதாவது மாட்டிறைச்சியை பரோலோவில் மணிக்கணக்கில் வேகவைக்கும் இந்தப் பகுதி உணவுக்கு, வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

பரிமாற 16 முதல் 18 டிகிரி சரி. இளம் பரோலோவை ஜாடியில் இரண்டு மூன்று மணிநேரம் விடுங்கள். மிகப் பழையதைத் திறந்து பாட்டிலிலேயே விட்டு, குடிக்கும் நேரத்தில் ஜாடிக்கு மாற்றுவதே எனக்குப் பிடித்த முறை.

பிறகு சேர்த்தது

வாசகர் ஒருவர் எல்லாம் செய்தும் கலங்கலாகவே வந்தது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், பாட்டில் அந்த வாரம்தான் கூரியரில் வந்திருக்கிறது. பயணம் செய்த பழைய பாட்டிலுக்குக் குறைந்தது ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள்.

விளிம்பு ஆரஞ்சாக இருக்கிறதே, கெட்டுவிட்டதா என்று இன்னொருவர் கேட்டார். நெபியோலோவில் அது இயல்பு, பத்து வயதிலேயே வரும். நிறத்தை விட்டுவிட்டு மூக்கை நம்புங்கள். நனைந்த அட்டை வாடை அடித்தால் கார்க் கெடுத்திருக்கிறது, வாங்கிய கடையில் கேளுங்கள். வினிகர் நெடி அடித்தால் காற்று புகுந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் வெறுமனே ஊமையாக இருந்தால், அரை மணி கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள்.

மீந்த இளம் பரோலோவை அதே கார்க்கால் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் இன்னும் இளகியிருக்கும். பழையதை மட்டும் அன்றிரவே முடித்துவிடுங்கள்.