கீசர் கூடுதலாக இழுக்கும் யூனிட்டைக் கண்டுபிடிக்கும் வழி

மூணாறின் மார்கழிக் குளிரில் கீசர் இல்லாமல் முடியாது. இரண்டு மாதக் கட்டணம் திடீரென ஏறியதும் அம்மா வெந்நீரையே விட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லா எம்சிபிகளையும் (மின்பெட்டியில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள சுவிட்சுகள்) இறக்குங்கள். மீட்டர் விளக்கு சிமிட்டக் கூடாது. பிறகு கீசருக்கு உரியதை மட்டும் ஏற்றுங்கள். மீட்டரில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருந்தால், 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். 2000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் அதை எடுத்துவிடும். நீர் சூடானதும் சிமிட்டல் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் யாரும் குழாயைத் திறக்காமலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் தொடங்கியது. வெளியேறும் குழாயைத் தொட்டேன், சுட்டது. சுவருக்குள் வெந்நீர்க் குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது! பிளம்பர் சரிசெய்தார்.

சிமிட்டல் நிற்கவே இல்லையென்றால் சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் ஹீட்டிங் காயிலைச் சந்தேகியுங்கள். இவ்விரண்டிலும் நீங்களே கை வைக்காதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.