எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்: உடற்பயிற்சியை எங்கிருந்து ஆரம்பிப்பது?

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எதையும் தூக்காதீங்க, பேசாம படுத்து ரெஸ்ட் எடுங்க." பாசத்தில் சொல்வதுதான், ஆனால் ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிற ஒருவருக்கு இதைவிட மோசமான யோசனை இல்லை. லியூப்ரோலைடு, கோசெரலின், டெகாரெலிக்ஸ் என்று எந்த ஊசி போட்டாலும், விரைகளை அறுவை சிகிச்சையில் எடுத்திருந்தாலும், வேலை ஒன்றுதான்: டெஸ்டோஸ்டிரோனை அடியோடு குறைப்பது. அந்த ஹார்மோனை நம்பி வளரும் புற்றுநோய் அடங்குகிறது, சரி. ஆனால் அதே ஹார்மோனை நம்பித்தான் உங்கள் தசையும் எலும்பும் இருந்தன. தசை கரைகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, எலும்பு மெலிகிறது, சர்க்கரை ஏறப் பார்க்கிறது. கூடவே எவ்வளவு தூங்கினாலும் தீராத ஒரு அசதி. இதற்கு மேல் படுத்தும் கிடந்தால் மிச்சமிருக்கும் தசையும் போய்விடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சி செய்தால் பி.எஸ்.ஏ. (நோயின் போக்கைப் பார்க்க ரத்தத்தில் எடுக்கும் அளவு) இறங்கும், நோய் குணமாகும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. யார் கைத்தாங்கலும் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, தானே குளிப்பது, மாலை வரை சோர்ந்து விழாமல் இருப்பது, இவற்றுக்காகத்தான் இது. கனடாவில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. வாரம் மூன்று முறை, 12 வாரம், எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு அசதி குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருந்தவர்களுக்கும்தான். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு முறையாவது, 12 வாரம், ஆள் பார்த்துக்கொள்ள எடைப் பயிற்சியும், நடை, சைக்கிள் மாதிரி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியும் தரச் சொல்கிறது. கவனியுங்கள், இரண்டும். வெறும் நடைப்பயிற்சி போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நடப்பது நல்லது, ஆனால் கரைந்த தொடைத் தசையை அது திருப்பித் தராது.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்தெந்த எலும்பில் இருக்கிறது? அதில் எதுவாவது உடையும் நிலையில் இருக்கிறதா, குறிப்பாகத் தொடை எலும்பும் இடுப்பு மூட்டும்? முதுகெலும்பு உறுதியாக இருக்கிறதா? ஹீமோகுளோபின், தட்டணுக்கள், ரத்த அழுத்தம் எப்படி? "வாக்கிங் போகலாமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "ம், போங்க" என்று பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். நின்றாலோ காலை ஊன்றினாலோ தொடையிலோ இடுப்பிலோ வலிக்கிறது என்றால், அதைப் பார்த்து முடிக்கும் வரை எதையும் ஆரம்பிக்க வேண்டாம். முடிந்தால் முதல் சில வாரங்களாவது, புற்றுநோயாளிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பரவிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை உழைக்க வையுங்கள்

இதுதான் மொத்த விஷயமும். எலும்பில் கட்டி இருப்பது பயிற்சிக்குத் தடை இல்லை, எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்பதை மாற்ற வேண்டும், அவ்வளவே. ஆஸ்திரேலியாவில் எலும்புக்குப் பரவிய 57 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த முறையில் பயிற்சி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. கால் வலு கூடியது, அன்றாட வேலைகள் சுலபமாயின, பயிற்சியால் எலும்பு முறிவு எதுவும் வரவில்லை.

கீழ் முதுகில் இருந்தால், கையும் காலும் வேலை செய்யலாம், ஆனால் குனிந்து தூக்குவது, இடுப்பை முறுக்குவது, படுத்தபடி எழும் வயிற்றுப் பயிற்சி எல்லாம் வேண்டாம். இடுப்பிலோ தொடை எலும்பின் மேல்பகுதியிலோ இருந்தால் நடைக்குப் பதில் நிலையான சைக்கிள், கால் பயிற்சியை உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலாவிலும் மேல் முதுகிலும் இருந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கும் எடைகளை விட்டுவிட்டுக் காலில் கவனம் வையுங்கள். குதிப்பது யாருக்குமே வேண்டாம்.

ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்று அடம்பிடித்தால், இடுப்பிலும் தொடையிலும் நோய் பரவாமல் இருக்கிற பட்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத்தான் சொல்வேன். கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காமல் இருக்க. இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றுங்கள். முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள், மூச்சை மட்டும் அடக்காதீர்கள். இறங்கும்போதுதான் உண்மையான வேலை: மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்தால் தசைக்கு வேலையும் இல்லை, அந்த அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். எட்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. எழ முடியவில்லையா, கைப்பிடியை அழுத்தி எழுந்திருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு முறை சுலபமாக வருகிறதென்றால் கையை எடுத்துவிடுங்கள்.

கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, எலாஸ்டிக் பேண்டைப் பின்னோக்கி இழுப்பது, குதிகாலை உயர்த்துவது என்று உங்கள் ஸ்கேனுக்கு ஒத்துவரும் மூன்று நான்கு சேர்த்தால் போதும். வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. மற்ற நாட்களில் நடை அல்லது சைக்கிள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து மெல்ல அரை மணிக்குக் கொண்டுபோங்கள், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

மோசமான நாட்கள் வரும்

டோசிடாக்சல் கீமோ முடிந்த சில நாட்கள் காலைத் தரையில் வைக்கவே மனம் வராது. அன்றைக்குப் பாதி செய்யுங்கள், அதுவும் முடியாவிட்டால் வீட்டுக்குள் ஐந்து நிமிட நடை. காய்ச்சல் இருந்தால் பயிற்சியே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். கீமோவால் பாதம் மரத்துப்போயிருந்தால் ஷூ போட்டுக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி நின்று செய்யுங்கள். என்சலூட்டமைடு என்ற ஹார்மோன் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் கீழே விழும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவர்களும் அப்படியே. அதே மாதிரி இன்னொரு மருந்தான அபிராடெரோனோடு தரும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தொடைத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது, உங்கள் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். திடீரென உடம்பு கொதித்து வியர்ப்பவர்கள் காலையின் குளுமையான நேரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

மறுநாள் தசையில் வரும் பிடிப்பு வலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆழத்தில் ஒரே இடத்தில் நிற்கும், ராத்திரி படுத்தால் கூடும் வலி வேறு ஜாதி: நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். முதுகில் புது வலி வந்து பட்டை கட்டியதுபோல் உடம்பைச் சுற்றி இறுக்கினாலோ, கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. தண்டுவடம் நசுங்கும் அறிகுறி அது, அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் நடையே போய்விடலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், கூட நடங்கள். இந்த ஹார்மோன் ஊசிகள் மனதையும் கீழே இழுக்கும், தாம்பத்திய ஆசையை அநேகமாக அணைத்தே விடும், ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்தில் ஒருவர் நடந்தால் சில நேரம் அந்தப் பேச்சும் வரும். அவரே தனியாகச் செய்வதைவிட, ஆள் சேர்ந்தால் பயிற்சி விட்டுப்போகாமலும் இருக்கும்.

அப்புறம், மாதம் ஒருமுறை 30 நொடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணி, தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போது "பரவாயில்லை" என்பதற்குப் பதிலாக அந்தத் தாளைக் காட்டுங்கள். காரணமே தெரியாமல் எண்ணிக்கை சரிந்திருந்தால், ரத்தம் குறைந்திருக்கிறதா, மருந்தை மாற்ற வேண்டுமா, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று யோசிக்க அவருக்கு அது உதவும்.