திறந்தே கிடக்கும் பரிவர்த்தனையை முதலில் தேடுங்கள்

பினாங்கில் நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில், தைப்பூச விடுமுறைக்கு முந்தைய மாலை, ஒருவர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரே ஓர் ஆர்டரைத் திருத்திவிட்டு, மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட் கட்டளையைக் கொடுக்காமல் திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பியபோது ஆர்டர் அட்டவணை வீங்கிக் கிடந்தது. சாதாரணத் தேடல்கூட இழுத்தது. பழைய பிரதிகளைத் தானாகத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்கம் ஓயாமல் ஓடியிருந்தும் ஒன்றையும் அள்ள முடியவில்லை.

ஒரு பதிவைத் திருத்தினால் அதன் பழைய பிரதி உடனே அழிவதில்லை. இனி எந்தப் பரிவர்த்தனைக்கும் (கமிட்டில் ஒன்றாக முடியும் வேலைத் தொகுதிக்கும்) அது தேவைப்படாது என்று உறுதியான பின்னரே வேக்கம் என்ற துப்புரவுப் பணி அந்த இடத்தை விடுவிக்கும். கமிட் கொடுக்காமல் அந்த ஒரு பரிவர்த்தனை திறந்திருந்ததால், அதற்குப் பிறகு அந்தத் தரவுத்தளத்தில் காலாவதியான பிரதிகள், வேறு அட்டவணைகளில் இருந்தவை உட்பட, அப்படியே தேங்கின.

ஆகவே, வேக்கம் அமைப்புகளில் கைவைக்கும் முன் இணைப்புகளின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியை, பரிவர்த்தனை தொடங்கிய எக்ஸாக்ட்_ஸ்டார்ட் (xact_start) நேரப்படி அடுக்கிப் பாருங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' (பரிவர்த்தனையைத் திறந்துவைத்துச் சும்மா இருப்பது) என்ற நிலையில் மணிக்கணக்காக நிற்கும் இணைப்பே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பிஜி_கேன்சல்_பேக்எண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வினவலை மட்டுமே நிறுத்தும் என்பதால் இங்கே பயன்படாது. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கொடுத்து இணைப்பையே துண்டிக்க வேண்டும். அப்போது கமிட் ஆகாத மாற்றங்கள் ரோல்பேக் ஆகி, அதாவது கைவிடப்பட்டு, பழைய நிலை திரும்பிவிடுமாதலால், உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்படி எந்த இணைப்பும் தென்படாவிட்டால், நகல் சர்வருக்காகத் தரவைப் பிடித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுகளில் கைவிடப்பட்டவற்றையும் கமிட்டுக்குத் தயார்நிலையில் வைத்து முடிக்கப்படாத பிரிப்பேர்ட் டிரான்சாக்‌ஷன்களையும் பாருங்கள்.

இது மறுபடி நேராதிருக்க, 2016இல் வெளியான 9.6 பதிப்பு முதல், அப்படிச் சும்மா நிற்கும் இணைப்பைக் குறித்த நேரத்தில் துண்டிக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பில் அது 0, அதாவது செயல்படாது. கையால் தளத்தைத் திருத்துவோரின் கணக்குகளுக்கு நான் 10 நிமிடம் வைக்கிறேன்.

அதன் பிறகே ஆட்டோவேக்கத்துக்கு வாருங்கள். இயல்பான கணக்குப்படி 50 பதிவுகளோடு அட்டவணையின் 20 விழுக்காடும் சேர்ந்த அளவு பழைய பிரதிகள் தேங்கினால்தான் அது கிளம்பும்; 1 கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையில் அது 20 லட்சத்தைத் தாண்டிவிடும். ஓயாமல் திருத்தப்படும் பெரிய அட்டவணைக்கு மட்டும் அந்த 20 விழுக்காட்டைக் குறிக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.02 (2 விழுக்காடு) ஆகக் குறைப்பது போதும்.

சாதாரண வேக்கம் இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுமே தவிர, வீங்கிய கோப்பைப் பெரும்பாலும் சுருக்காது. வேக்கம் ஃபுல் சுருக்கும். ஆனால் முடியும்வரை அந்த அட்டவணையைப் படிக்கக்கூட விடாமல் பூட்டும், புதிய பிரதிக்கு வட்டில் தனி இடமும் கேட்கும். எங்கள் கிடங்கில் அதை, லாரிகள் வராத ஞாயிறு பின்னிரவில், வட்டின் காலியிடத்தை அளந்து பார்த்த பிறகே ஓட்டினோம்.