பாறைச் சரிவில் ஃப்ளாக்ஸ்: குளிருக்கு அல்ல, ஈரத்துக்குப் பயப்படுங்கள்

டொராண்டோ பக்கம் மே மாதத்தில், வீட்டு முன்சரிவுகளில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் தரையோடு ஒட்டிப் பூத்துக் கிடப்பது பெரும்பாலும் ஃப்ளாக்ஸ் சுபுலாட்டா. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் இதன் பூர்வீகம். பாறை இடுக்கும் மணற்பாங்கான சரிவும் இதற்குப் பிடித்த இடங்கள். ஒரு சாணுக்கு மேல் உயராது, ஆனால் ஒரே செடி இரண்டடி அகலத்துக்குப் படரும். மைனஸ் 30 டிகிரிக் குளிரையும் தாங்கும். குளிர்காலத்தில் வேரைச் சுற்றி நீர் தேங்கினால்தான் அழுகிப்போகும்.

இடம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் செடி பிழைக்கும், பூப்பது குறையும்.

மண். பெரும்பாலான செடிகள் சாவது இந்தப் படியில்தான். இங்கே புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் களிமண். குழி தோண்டி, அடியில் சல்லி பரப்பி, மேலே நல்ல மண் போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கு நீர் எளிதில் இறங்காது; மேல்மண் முழுவதும் ஊறிய பிறகுதான் கசியும். போதாததற்கு, சுற்றியுள்ள களிமண்ணிலிருந்து வழியும் நீரெல்லாம் அந்தக் குழிக்கே வந்து சேரும். நீங்கள் வெட்டியது குழியல்ல, தொட்டி.

சந்தேகம் இருந்தால் ஓர் அடி ஆழம் தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நின்றால், கீழே போகாமல் மேலே எழும்புங்கள். தரைக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டுங்கள். தோட்ட மண், இலைமக்கு, 3 முதல் 6 மி.மீ. பொடிச் சல்லி மூன்றும் சம அளவு. குழந்தைகள் விளையாடும் நுண்மணலை மட்டும் சேர்க்க வேண்டாம். களிமண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். பாறைகளை மூன்றில் ஒரு பங்கு புதைத்து, சரிவுக்குள் சாய்வாக வையுங்கள். மழைநீர் வழிந்து ஓடாமல் பின்னால் இருக்கும் வேருக்குப் போகும்.

நடவு. தக்காளி நாற்றைப்போல, மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைவரை காத்திருக்கத் தேவையில்லை. மண் இளகியதும் நடலாம். 45 செ.மீ. இடைவெளி போதும். தொட்டிக்குள் வட்டமடித்த வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். வேர்க்கழுத்து, அதாவது வேரும் தண்டும் சேருமிடம், மண் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். தண்டுகளை விலக்கி அடியில் 2 செ.மீ. சல்லி பரப்புங்கள். கல்லிடுக்கில் நட அகலமான கைக்கரண்டி உதவாது. குறுகிய களைக்கத்தி ஒன்று போதும், மற்றதெல்லாம் வீண்செலவு.

முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். பிறகு வறட்சியில் மட்டும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் தண்டு நீண்டு தளரும்.

கத்தரிப்பு. பூ உதிர்ந்ததும், ஜூனில், மூன்றில் ஒரு பங்கு நீளத்தை வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு தண்டாக வெட்டும் சிறு கத்தரியால் பொழுது போய்விடும். புல் வெட்டும் நீண்ட அலகுக் கத்தரியே சிறந்தது. இலையுதிர்காலத்தில் தொடாதீர்கள், அடுத்த ஆண்டின் மொட்டும் தண்டோடு போய்விடும்.

பின்சேர்க்கை: நடுவில் வழுக்கை விழுவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். செடி முதிர்ந்தால் அப்படித்தான். வெற்றுத் தண்டுகளின்மேல் அதே சல்லிக் கலவையைத் தூவி ஈரம் காத்தால் அங்கேயே வேர் பிடிக்கும். மேப்பிள் இலைகள் மூடிக் கிடந்தால் கையால் அள்ளுங்கள். இரும்பு வாரியால் இழுத்தால் செடியும் கூடவே வரும். மார்ச்சில் பனி உருகும்போது மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் செடிகளை உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். களைத்தடுப்புத் துணி விரிக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. படரும் தண்டுகள் வேர்விட மண் வேண்டும். முதல் ஆண்டு முழுக்கக் களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும், வேறு வழியில்லை.