நற்செய்திப் பகிர்வுக்குத் தயாராவது எப்படி: திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களோடு ஒரு பயிற்சி

"அடுத்த வாரம் நற்செய்திப் பகிர்வை நீங்க எடுத்துக்கங்க" என்று அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழு) சொல்லிவிட்டார்களா? முதல் தடவை என்றால் வயிற்றைக் கலக்கும். இந்தப் பதிவு உங்களுக்குத்தான். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு விவிலியம், ஒரு நோட்டு, நான்கைந்து நாட்கள் போதும். நாட்கள் கட்டாயம் வேண்டும். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தயாரித்தால், ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்வோம்.

பயிற்சிக்கு மத்தேயு 20:1-16 எடுத்துக்கொள்வோம். தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஆள் எடுக்கிறார், அப்புறம் பகலில் மூன்று முறை, பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு முறை. கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி. காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். மத்தேயு மட்டுமே சொல்லும் உவமை இது. கத்தோலிக்கத் திருப்பலியில், மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டில், பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்று வாசிக்கப்படும். 2026இல் அது செப்டம்பர் 20.

முதல் படி: உரக்க வாசியுங்கள்

மூன்று முறை, வாய்விட்டு. விளக்கவுரை, யூடியூப் மறையுரை எதையும் இப்போது தொடாதீர்கள். முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளில் வாசியுங்கள். எங்கள் வீட்டில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டு லுத்தரன் குடும்பத்திடம் பழைய மொழிபெயர்ப்பை வாங்கிப் பார்ப்பேன்.

ஏன் இரண்டு? 15ஆம் வசனத்தைப் பாருங்கள். பொது மொழிபெயர்ப்பில் தோட்டக்காரர் "உமக்குப் பொறாமையா?" என்கிறார். பழையதில், "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது 'பொல்லாத கண்' என்பதுதான். பொறாமை என்ற சொல் பொருளைச் சரியாகத் தருகிறது, வன்கண் என்பது அந்தக் கண்ணையே காப்பாற்றித் தருகிறது. கண்ணேறு என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்க்கிற கண்ணைப் பற்றித்தான் இந்த உவமை பேசுகிறது என்பது அந்த ஒரு சொல்லிலேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: முன்னும் பின்னும் பாருங்கள்

இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். உவமைக்குச் சற்று முன்னால், 19:27இல் பேதுரு கேட்கிறார்: நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? உவமை முடிந்ததும் இயேசு தம் சாவைப் பற்றிச் சொல்கிறார். உடனே செபதேயுவின் மக்களான இரண்டு சீடர்களின் தாய் வந்து, என் பிள்ளைகளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கொடும் என்கிறார். ஆக, இந்தக் கதை வெளியாட்களுக்குச் சொன்னதல்ல. முதலிலேயே வந்து சேர்ந்து, கணக்குப் பார்க்கத் தொடங்கிய சீடர்களுக்குச் சொன்னது.

இது தெரிந்துவிட்டால் ஒரு பழைய தவறிலிருந்து தப்பிக்கலாம். காலையில் வந்தவர்கள் யூதர்கள், கடைசியில் வந்தவர்கள் நாம் என்று சிலர் விளக்குவார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். முணுமுணுப்பவன் வேறு யாரோ என்று காட்டிவிட்டால், கேட்பவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்து முன் பெஞ்சில் உட்காரும் நமக்கு அந்த முணுமுணுப்பவனில் பேதுருவின் முகமும் நம் முகமும் தெரிய வேண்டும்.

மூன்றாம் படி: அந்தக் காலத்து வாழ்க்கையைக் கொஞ்சம் விசாரியுங்கள்

கொஞ்சம் போதும். தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். மூன்றாம் மணி என்றால் காலை ஒன்பது, ஆறாம் மணி நண்பகல், ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று, பதினோராம் மணி மாலை ஐந்து. கூலியை அன்றன்றே, பொழுது இறங்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் 24:15 கட்டளையிடுகிறது. அதனால்தான் சாயங்காலம் ஆனதும் எல்லாரையும் கூப்பிடுகிறார்கள்.

நான்காம் படி: இடறுகிற இடத்தைத் தேடுங்கள்

ஒவ்வொரு பகுதியிலும் "இது ஏன் இப்படி?" என்று நம்மை நிறுத்தும் இடம் ஒன்று இருக்கும். வாசிக்கும்போதே பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். இங்கே அது 8ஆம் வசனம். கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கிக் கூலி கொடு என்கிறார் தோட்டக்காரர். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். சச்சரவே வந்திருக்காது. அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே வரிசை தலைகீழாகிறது. என் பகிர்வுக்கு நான் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

ஐந்தாம் படி: நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள்

இங்கே அவசரப்படக் கூடாது. நான் அவசரப்பட்டிருக்கிறேன். முதல் முறை இந்தப் பகுதியைப் பகிர்ந்தபோது, "நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன" என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, சோம்பலாக இருக்கக் கூடாது, ஆண்டவருக்காக உழைக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினேன். முடிந்ததும் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார்: "நாங்க சும்மா நிக்கல தம்பி. யாரும் கூப்பிடல."

அடுத்த வசனத்தைப் பார்த்தேன். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்றுதான் இருந்தது. எத்தனையோ முறை வாசித்த வசனம். என் கண்ணில் படவேயில்லை.

கடலூரில் விடியற்காலை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேலே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியோடு பெண்கள் நிற்பார்கள். கரணையும் மட்டப்பலகையும் பையில் வைத்த கொத்தனார்கள் டீக்கடை ஓரமாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆளைப் பார்த்து எடுப்பார். திடமானவர்கள் முதலில் போவார்கள். வயதானவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாருக்குமே இந்த நிலைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று காய்க்கச் சில வருடமாவது ஆகும். அதுவரை அந்தத் தோப்பு வேலையை நம்பியிருந்தவர்களும் பதினோராம் மணிக்காரர்கள்தான்.

இப்போது அந்த ஒரு தெனாரியத்தைத் திரும்பப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தவர் வீட்டிலும் எல்லார் வீட்டையும் போல அன்றிரவு உலை வைத்தாக வேண்டும். ஒருமணி நேரக் கூலியில் அது நடக்காது. தோட்டக்காரர் வேலையை அளக்காமல் பசியை அளந்திருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன்.

சரி, இது விண்ணரசை, அதாவது கடவுளின் ஆட்சியைப் பற்றிய உவமைதானே, கூலிப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தம் பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்த உவமையின் 14ஆம் வசனத்திலிருந்துதான் தலைப்பு எடுத்தார். 1904இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் அதை வாசித்த காந்தி, பின்னர் குஜராத்தியில் சுருக்கி எழுதி 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். விண்ணரசு நம் சம்பளப் பட்டுவாடாவுக்கு வெளியே எங்கோ இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "என் பணம், என் இஷ்டம்" என்ற பொருளில் 15ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு, கூலி கேட்பவர்களை வாயடைக்கப் பயன்படுத்தாதீர்கள். அந்தத் தோட்டக்காரர் பேசிய கூலியை, பேசிய நாளில், முழுதாகக் கொடுத்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்கிறார்.

ஆறாம் படி: வழிபாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள்

ஏழு நிமிடம் போதும். நோட்டில் நிறைய சேர்ந்திருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கான உரம். திருப்பலியில் அன்றைய முதல் வாசகம் எசாயா 55:6-9. என் எண்ணங்கள் உங்கள் எண்ணங்கள் அல்ல என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. அதை ஒரு வரியில் தொட்டால் இரண்டு வாசகமும் சேர்ந்துகொள்ளும்.

உவமை ஒரு கேள்வியோடு நிற்கிறது. அந்தக் கூலியாள் என்ன பதில் சொன்னார் என்று மத்தேயு எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள். "நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று வாசித்துவிட்டு இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள். முதல் முறை அந்த இரண்டு நிமிடம் நீளமாகத் தெரியும், பேசி நிரப்பிவிடத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மன்றாட்டு. அச்சிட்டு வந்ததை அப்படியே வாசிக்காமல், உங்கள் தெருவை மனதில் வைத்து ஒன்றாவது சொந்தமாக எழுதுங்கள். நான் எழுதியது இது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்:

"ஆண்டவரே, இன்று காலை வேலைக்கு நின்று, யாரும் கூப்பிடாமல் வீடு திரும்பியவர்களை நினைத்தருளும். அவர்கள் வீட்டிலும் இன்றிரவு அடுப்பு எரியட்டும். ஆள் வைத்து வேலை வாங்குகிற நாங்கள், பொழுது சாயுமுன் கூலியைக் கையில் கொடுக்க வரம் தாரும். அடுத்தவருக்குக் கிடைத்ததைப் பார்த்து எங்கள் கண் கடினப்படாதபடி காத்தருளும்."

உங்கள் அன்பியத்தில் கூலி வேலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால், இந்த மன்றாட்டை அவரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் நீங்கள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுங்கள், அவர் சொல்லட்டும்.