ஆன்லைன் பிரிட்ஜில் பார்ட்னரை விரட்டும் தவறுகள்

பிரிட்ஜ், இருவர் இருவராக ஜோடி சேர்ந்து நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம். ஒரு கை (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டம்) முடிந்த அடுத்த நொடியே சாட்டில் "??" என்று போடுவதுதான் பார்ட்னரை விரட்டும் தவறுகளில் மோசமானது. முகம் தெரியாத இடத்தில் அந்த இரண்டு கேள்விக்குறிகள் கன்னத்தில் அறைந்த மாதிரி விழும். பல நேரம் அதற்கு நியாயமும் இருக்காது. 4 இஸ்பேட் கான்ட்ராக்ட் (இஸ்பேட்டைத் துருப்பாக வைத்து 10 பிடி எடுப்போம் என்று ஏலத்தில் கொடுத்த வாக்கு), உங்கள் இருவரிடமும் சேர்த்துத் துருப்பு 8 என்று வையுங்கள். எதிரணியிடம் இருக்கும் 5 துருப்பும் 3-2 ஆகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு, 4-1 ஆகப் பிரிய 28. அந்த 28 வந்து ஒரு பிடி குறைந்தால் பார்ட்னர் என்ன செய்வார்? ஃபினெஸ் (எதிரணியின் பெரிய சீட்டு நமக்குச் சாதகமான பக்கம் இருக்கும் என்று நம்பி, அதைவிடச் சின்னச் சீட்டால் பிடி எடுக்கப் பார்ப்பது) தோற்பதும் அப்படித்தான், அது பாதிக்குப் பாதி.

உண்மையிலேயே தப்பாக ஆடியிருந்தாலும் அடுத்த கை காத்திருக்கிறது. ஆடிய கைகள் பதிவாகியிருக்கும், எல்லாம் முடிந்தபின் தனிச்செய்தியில், "டைமன் இறக்கும்போது என்ன கணக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டால் போதும். பாதி நேரம் பதில் நம் ஏலத்தையே குற்றம் சொல்லும்!

பேசி வைக்காமல் உட்காருவது அடுத்த தவறு. 1 நோட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஆடுவதற்கான ஏலம்) என்றால் கையிலுள்ள பெரிய சீட்டுகளின் மதிப்பு 15–17 புள்ளியா, 12–14 புள்ளியா? 10 புள்ளி வைத்திருப்பவர் 15–17 என்று நம்பி 3 நோட்ரம்ப் போவார். உங்களிடம் 12 இருந்தால் மொத்தம் 22 புள்ளியில் ஒன்பது பிடி தேட வேண்டியதுதான். இதோடு, மேஜரில் (இஸ்பேட், ஹார்ட்) ஏலத்தைத் திறக்க அதில் 5 சீட்டு வேண்டுமா, ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர் (பார்ட்னரின் நோட்ரம்ப் ஏலத்துக்குப் பதில் சொல்லும் குறியீட்டு ஏலங்கள்) உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

கிளப் மேசையில் ஆடிப் பழகியவர்கள் அலர்ட்டில் (ஏலத்துக்குத் தனி அர்த்தம் உண்டு என்று எதிரணிக்குத் தெரிவிப்பதில்) சறுக்குவார்கள். அங்கே பார்ட்னரின் ஏலத்துக்கு நாம் அலர்ட் சொல்வோம். ஆன்லைனில் ஏலம் கேட்டவரே தன் ஏலத்தை விளக்க வேண்டும், அந்த விளக்கம் எதிரணிக்கு மட்டுமே தெரியும். இது புரியாமல் பொதுச் சாட்டில் "ஸ்டேமன்தானே?" என்று கேட்டால் பார்ட்னருக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும். ஏலமும் ஆடும் சீட்டும் தவிர வேறு வழியில் பார்ட்னர்கள் செய்தி பரிமாறக் கூடாது என்கிறது 73-ஆம் விதி. டம்மி (கான்ட்ராக்டை ஆடுபவரின் பார்ட்னர் திறந்து வைக்கும் சீட்டுகள்) விரிந்ததும் ஆடுபவர் சொல்லும் "நன்றி பார்ட்னர்" கூட டம்மி நன்றாக இருந்தால் மட்டும் வரக் கூடாது. எப்போதும் சொல்லுங்கள், இல்லையென்றால் எதிரணி உங்கள் மனதைப் படித்துவிடும்.

அன்டூ (செய்ததைத் திரும்பப் பெறுவது) கேட்பது விரல் தவறினால் மட்டும், அதுவும் பார்ட்னர் அடுத்த ஏலம் கேட்பதற்கு முன். யோசனை மாறியதற்கு அன்டூ கிடையாது. பல போட்டிகளில் அந்தப் பொத்தானே வேலை செய்யாது.

கிளம்புவதாக இருந்தால் ஒரு கை முன்பே சொல்லிவிடுங்கள். நடுக்கையில் எழுந்து போனால் பதிலுக்கு வருகிறவர் தான் கேட்காத ஏலத்துக்குச் சீட்டு ஆட வேண்டியிருக்கும், பார்ட்னரோ அதுவரை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.